பூ மணத்த முன்சக்கரம்

வண்டி தீவின் நடுமலையிலிருந்து தெற்குக் கரைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தபோது லாங்கியம்மாதான் முதலில் மூக்கைச் சுளித்தார். யாரோ கொக்கோ வறுக்கிறார்கள், சட்டியைக் கவனிக்காமல் தீயவிட்டுவிட்டார்கள் என்றார். லமேக்கோவுக்கும் அந்த வாடை வந்திருந்தது. வாழைத்தோட்டத்துக்கு நடுவே நாலைந்து வீடுகள் தெரிந்தன. அங்கிருந்துதான் வருகிறது என்று அவரும் நினைத்துக்கொண்டார். அந்த வீடுகள் பின்னால் போயின. அடுத்த ஊரும் போனது. அதற்கடுத்த ஊரின் கோயில் வெள்ளையாகத் தெரிந்தபோதும் வாடை விட்டபாடில்லை.

"மூணு ஊருக்கும் ஒரே சட்டியா என்ன?" என்றார் லாங்கியம்மா. "நம்மகூடவே எவளோ அடுப்பைத் தூக்கிக்கிட்டு வர்றா. நிறுத்திப் பாரு தம்பி."

லமேக்கோ ஓரங்கட்டி இறங்கினார். இடதுபக்க முன்சக்கரத்திலிருந்து நூல் நூலாகப் புகை வந்துகொண்டிருந்தது. கையைக் கிட்டே கொண்டுபோனாலே, கல்லைச் சுட்டு இலை மூடுகிற உமு அடுப்பைத் திறந்தபோது அடிக்கிற அனல். தொட்டுப் பார்க்கவில்லை. குடிக்கிற தண்ணீரில் விரலை நனைத்து நடுக்குடத்தில் ஒரு சொட்டுத் தெறித்தார். சுர் என்று துள்ளி மறைந்தது. மற்ற மூன்று சக்கரத்திலும் அப்படியே தெறித்துப் பார்த்தார். மூன்றிலும் சொட்டு ஈரமாய் உட்கார்ந்திருந்தது. ஆக, காய்ச்சல் ஒரே காலுக்குத்தான்.

எதிர்வீட்டிலிருந்து ஒருவர் நல்ல மனதோடு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தார். காய்ந்த சட்டியில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் சட்டி விரிந்துபோகும், தானாக ஆறட்டும் என்று லமேக்கோ அவருக்கு நன்றி சொல்லி வாளியை வாங்கி வைத்துக்கொண்டார். அந்தத் தண்ணீரில் லாங்கியம்மா முகம் மட்டும் கழுவினார். குடிக்கவில்லை. அவருக்கு ஒரு நாளைக்கு அளந்து இரண்டு கோப்பைதான்.

லமேக்கோவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மரக்கூடு வைத்த பஸ் ஒன்றைப் பத்தொன்பது வருடம் ஓட்டினார். பிறகு ஆக்லாந்தில் இருக்கிற மகள் இந்த வெள்ளை வேனை வாங்கி அனுப்பினாள். செவ்வாயும் வியாழனும் ஊரார் கிழங்கைச் சந்தைக்கு ஏற்றுவார். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கும் ஓய்வு. கோயிலில் அவர் மூப்பர். பாட்டுக் குரல் கிடையாது, ஆகவே கதவுப் பக்கம் நின்று வருகிறவர்களுக்கு விசிறி எடுத்துக் கொடுப்பார். சாவி திருப்புவதற்கு முன் ஸ்டியரிங் மேல் கை வைத்து ஒரு வார்த்தை செபம் பண்ணாமல் ஒருநாளும் கிளம்பியதில்லை.

திங்கள், புதன், வெள்ளி மட்டும் அந்த வேன் லாங்கியம்மாவுக்கு. லமேக்கோவின் அண்ணன் பிலெமோனியின் மனைவி அவர், அறுபத்தொரு வயது. சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. வாரம் மூன்று நாள் பட்டணத்து ஆஸ்பத்திரியில் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணியாக வேண்டும். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் மாலை ஆறு மணிக்குத் திரும்புவார்கள். நாலு வருடம் முன்னால் அண்ணன் கண்மூடும்போது தம்பியிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் போனதாலேயே லமேக்கோவுக்கு அது கட்டளையாகிவிட்டது.

சக்கரம் ஆற முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு பிரேக்கில் கால் வைக்காமல், கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்தார்கள். தங்கள் ஊரான சிலிமாயின் எல்லைக்கு வரும்போது கோயில் பக்கம் மணி அடித்துவிட்டது. பழைய கேஸ் சிலிண்டரைக் கட்டித் தொங்கவிட்டு இரும்பால் அடிக்கிற மணி. சா நேரம். வீட்டுக்கு வீடு மாலைச் செபம் முடிகிறவரை ஊருக்குள் வண்டி நகரக் கூடாது, ஆள் நடக்கக் கூடாது. சாலையோரம் வரிசையாக நின்ற ஊர்ப் பிள்ளைகள் லமேக்கோவின் வேனையும் கைகாட்டி நிறுத்தினார்கள். மூப்பர் என்று பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது.

ஈரப்பலா மரத்தடியில் இஞ்சின் அணைத்து உட்கார்ந்திருந்தபோது லாங்கியம்மா மெல்லச் சொன்னார்:

"ரெண்டு வருசமா நான் கர்த்தர்கிட்ட ஒண்ணுதான் கேக்குறேன், லமேக்கோ. போதும்னா எனக்கு விளங்குற மாதிரி ஒரு வார்த்தை சொல்லும்னு. அந்த மெஷினை நானா நிறுத்தினா அது பாவம். அவரு நிறுத்தினா இல்ல. இன்னிக்கு அந்தப் புகையில அவரு தொண்டையைக் கனைச்சிருக்காரு."

"என்ன பேச்சு இது அண்ணி."

"கேளு. வெள்ளிக்கிழமை ஒம்பது மணிக்கு உன் வண்டி என் வீட்டு முன்னால நின்னா ஏறுவேன். நிக்கலன்னா பஸ்ஸைக் கூப்பிடாத. போதகர் வண்டியையும் கேக்காத. எனக்குப் பதில் வந்திருச்சுன்னு எடுத்துக்குவேன்."

லமேக்கோ ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தால் சா நேரத்தில் குரல் உயர்த்தக் கூடாது. அந்த அம்மாள் நேரம் பார்த்துத்தான் பேசியிருக்கிறார்.

மறுநாள் வியாழக்கிழமை. விடிந்ததும் லமேக்கோ சந்தைக் கிழங்கை ஏற்றாமல் வேனைக் கிலிஃபியின் கொட்டகைக்கு ஓட்டிப்போனார். கிலிஃபி லாங்கியம்மாவின் கூடப்பிறந்த தம்பி, லமேக்கோவுக்கு மச்சான் முறை. நியூஸிலாந்தில் பன்னிரண்டு வருடம் கராஜ் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். கடலுக்கு முகம் பார்த்த தகரக் கொட்டகை, அதன் பின்னால் செத்துப்போன நாலு வண்டிகள், அவற்றில் குடியிருக்கிற கோழிகள். ஆள் பெரியவன், வாய் அதைவிடப் பெரியது.

லாங்கியம்மா சொன்னதை லமேக்கோ அவனிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வண்டி வேண்டும் என்று மட்டும் சொன்னார். கிலிஃபி முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, இடது சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினான். அது ராட்டினம் மாதிரி சுற்றியது. இன்னொரு தட்டு. இன்னும் சுற்றியது.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல மச்சான். கோளாறு உன் காலுல. நாடே வலதுபக்கம் ஓட்டுனதை விட்டு இடதுபக்கம் மாறின அன்னிக்கு, பயத்துல பிரேக் மேல வச்ச இடது காலு. வருசம் எத்தனை ஆச்சு, இன்னும் எடுக்காம வச்சிருக்க."

கொட்டகை வாசலில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். லமேக்கோவுக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டிய கால் அது. கோபப்பட அவருக்கு வராது. கால்தான் காரணம் என்றால் இரண்டு முன்சக்கரமும் அல்லவா காய வேண்டும், வலது சக்கரத்தில் தண்ணீர்ச் சொட்டு சும்மா உட்கார்ந்திருந்ததே என்று கேட்டார்.

கிலிஃபி சிரிப்பை நிறுத்தித் தலையைச் சொறிந்தான். "அது நியாயம்தான்," என்றான். காய்ச்சல்காரனைக் காய்ச்சல் இறங்கினபிறகு பார்த்தால் என்ன தெரியும், காய்ச்சலோடு பிடிக்க வேண்டும் என்று சொல்லி, ஜாக்கியையும் ஒரு கட்டையையும் ஸ்பேனர் பையையும் வேனில் எறிந்து தானும் ஏறிக்கொண்டான்.

மலை உச்சிவரை போய்த் திரும்பினார்கள். புதன்கிழமை எப்படி ஓட்டினாரோ அப்படியே ஓட்டச் சொன்னான். இறங்கும்போது கிலிஃபியின் கண் சாலையில் இல்லை, லமேக்கோவின் இடது காலில் இருந்தது. அந்தக் கால் மரியாதையாகத் தன் மூலையில் கிடந்தது. பாதி இறக்கத்திலேயே வேன் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் இழுத்தது. கடைசித் திருப்பத்தில் கொக்கோ வாடை வந்துவிட்டது.

சமதரையில் நிறுத்தி உடனே தூக்கினார்கள். காலையில் ராட்டினமாகச் சுற்றிய அதே சக்கரத்தை இப்போது இரண்டு பேரும் சேர்ந்து தள்ளியும் அசைக்க முடியவில்லை.

"உன் காலுகிட்ட மன்னிப்புக் கேட்டுக்குறேன்," என்றான் கிலிஃபி. காலைப் பார்த்தே சொன்னான்.

இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும் என்று அவன் சொன்னான். மிதித்தபோது குழாய் வழியே வந்த பிரேக் ஆயில், மிதியை விட்டபிறகு திரும்பிப் போக வழியில்லாமல் அடைத்து நிற்கலாம். அப்படியானால் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன மூக்கைத் திறந்தால் ஆயில் பீச்சியடிக்கும், சக்கரம் விட்டுவிடும். அனலுக்குத் துணி சுற்றிக்கொண்டு அந்த மூக்கை அரைத்திருகு திறந்தான். இரண்டு சொட்டு வடிந்தது, அவ்வளவுதான். சக்கரம் விடவில்லை. மூக்கை மூடிவிட்டு, டிஸ்க்கைக் கவ்விக்கொண்டிருக்கிற காலிப்பரைச் சுத்தியல் பிடியால் மூன்று முறை தட்டினான். டக் என்று ஒரு சத்தம். சக்கரம் அசைந்தது.

"குழாய்ல கோளாறில்ல. கவ்வினது திரும்ப நகரமாட்டேங்குது. வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுப் பாப்போம்."

கொட்டகையில் சக்கரத்தைக் கழற்றினார்கள். காலிப்பர் என்பது ஒரு கை மாதிரி. இரண்டு விரலுக்கு நடுவே தட்டைப் பிடிப்பதுபோல், இரண்டு பேடுக்கு நடுவே டிஸ்க்கைப் பிடிக்கிறது. பிடியை விட்டதும் அந்தக் கை ஒரு மயிரிழை பக்கவாட்டில் சறுக்கி விலக வேண்டும். சறுக்குவதற்கு இரண்டு இரும்புப் பின் இருக்கிறது. அவற்றுக்கு ரப்பர் உறை உண்டு. கீழ்ப் பின் முனகிக்கொண்டே வெளியே வந்தது. மேல் பின் வரவே இல்லை. குறடு போட்டுத் திருகி இழுத்தபோது ரப்பரோடு சேர்ந்து வந்தது. தேங்காய்ப்பாலில் ஊறிய ரொட்டி மாதிரி அந்த ரப்பர் உப்பிப்போயிருந்தது.

கிலிஃபி பின்னை மூக்கருகே கொண்டுபோனான். தள்ளிப் பிடித்தான். மறுபடி முகர்ந்தான்.

"மச்சான், இந்தச் சக்கரத்துக்கு யாரு ஞானஸ்நானம் கொடுத்தது?"

கருகிய எண்ணெய்க்கு அடியில், லேசாக, மொசோயிப் பூ மணத்தது.

லமேக்கோவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேனின் மேல் சாய்ந்து நின்றுகொண்டார். ஐந்து வாரம் முன்னால் முன்பக்கம் இரண்டுக்கும் புதுப் பேடு அவரே மாட்டினார். வலதுபக்கப் பின்களுக்குப் போட்டதோடு டப்பாவில் கிரீஸ் தீர்ந்துபோனது. இடதுபக்கத்துக்கு இல்லை. பட்டணத்துக்குத்தான் போக வேண்டும், அன்று சனிக்கிழமை சாயங்காலம், திங்கட்கிழமை காலையில் பயணம். அப்போது முன்பெட்டியில் லாங்கியம்மா கொடுத்த எண்ணெய்ப் பாட்டில் கண்ணில் பட்டது. அந்த அம்மாளே தேங்காய் துருவி, வெயிலில் வைத்து, மொசோயிப் பூப் போட்டு எடுத்த எண்ணெய். லமேக்கோவின் முழங்கால் வலிக்கென்று கொடுத்தது. வலி உண்மையிலேயே விட்டுவிட்டது. ஊரில் பிறந்த குழந்தைக்கு அதுதான், தலைக்கு அதுதான், பிசகின மூட்டுக்கு அதுதான், கடைசியில் கண்மூடினவர்களுக்கும் அதுதான் தடவுகிறார்கள். இரண்டு இரும்புப் பின்னுக்கு ஆகாதா என்று நினைத்து, தாராளமாகத் தடவி, ஒரு வார்த்தை செபமும் பண்ணி மாட்டியிருந்தார்.

அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு கிலிஃபி கோழிகள் கலைகிற அளவுக்குச் சிரித்தான். அந்த ரப்பருக்குச் சமையல் எண்ணெயே ஆகாது, உப்பிப்போய்ப் பின்னை இறுக்கிக்கொள்ளும், அனலில் எண்ணெய் வேறு பிசினாகிவிடும், அதற்கென்று தனி கிரீஸ் இருக்கிறது என்று சிரிப்புக்கு நடுவே சொன்னான். "பூ மட்டும் நல்லா மணக்குது," என்று மறுபடி சிரித்தான்.

அப்போதுதான் லமேக்கோ புதன்கிழமை மரத்தடியில் நடந்த பேச்சைச் சொன்னார்.

கிலிஃபி கையிலிருந்த பின்னைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க ஒன்றும் இல்லாதபோதும் துடைத்தான். அவனால் அக்காவிடம் போய்ப் பேச முடியாது. ஊர் வழக்கப்படி தம்பி அக்காவின் முன்னால் குரலெடுப்பதில்லை, வேடிக்கை பேசுவதில்லை, இதைச் செய் அதைச் செய் என்று சொல்வதில்லை. அக்கா இருக்கிற இடத்தில் அந்தப் பெரிய வாய் இருக்கிற இடம் தெரியாது.

"எண்ணெய் விசயம் நமக்குள்ள இருக்கட்டும்," என்றான் கடைசியில். "நாளைக்கு அக்கா வீட்டு முன்னால வண்டி நிக்கும். அவங்களுக்கு அது போதும்."

லமேக்கோ சரி என்றார். ஆனால் வேலை செய்யச் செய்ய அந்தச் சரி நெஞ்சில் முள்ளாக நின்றது. நாளைக்கு வண்டி நிற்கும். அடுத்த மாதம் ஒரு டயர் வெடித்தால்? புதன்கிழமைப் புகை ஆண்டவர் கனைத்தது என்று அந்த அம்மாள் நம்பிக்கொண்டிருக்கிறார். டயர் வெடித்தால் அவர் பேசியே விட்டார் என்று ஆகிவிடும். கனைத்தது யார் என்று லமேக்கோவுக்கு இப்போது தெரியும். தெரிந்துகொண்டு வாயை மூடியிருப்பது, ஆண்டவர் பேரில் தன் பிசகை எழுதிவைப்பது மாதிரி. சொன்னாலோ, அண்ணன் மனைவியின் உயிரை ஐந்து வாரம் எண்ணெயில் வழுக்கவிட்டவன் என்ற பேர். மூப்பர் என்ற பேரோடு அது எப்படி ஒட்டும்?

கொட்டகைக்குப் பின்னால் அதே ரக வேன் ஒன்று செத்துக்கிடந்தது. அதில் அடைகாத்த கோழியை எழுப்பி வேறிடத்தில் உட்காரவைத்துவிட்டு, அதன் பின்களையும் ரப்பர்களையும் கழற்றிவந்தார்கள். ரப்பர் வெடிப்பில்லாமல் இருந்தது. கழுவி, சரியான கிரீஸை விரல் நுனியில் எடுத்துப் பூசியதும் பின் உள்ளே போய் வந்தது, பட்டாகச் சறுக்கியது. பேடுகள் அனலில் கண்ணாடியாக மினுமினுத்தன. உப்புத்தாளில் தேய்த்து மினுமினுப்பை எடுத்தார்கள். டிஸ்க்கில் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது, ஆனால் சுற்றிப் பார்த்ததில் வளையவில்லை. வலது சக்கரத்தையும் பிரித்துப் பார்த்தார்கள். அது சுகமாக இருந்தது.

பிரேக் ஆயில் பாழாகிவிட்டது. கறுப்புக் காப்பி மாதிரி இருந்தது. கொதித்த ஆயிலில் குமிழி விழுந்தால் அவசரத்தில் மிதிக்கிறபோது பெடல் ஆழத்துக்குப் போகும் என்று கிலிஃபி எச்சரித்தான். பழையதை வெளியேற்றிப் புதியதை விட வேண்டும், காற்றெடுக்க வேண்டும். அவன் சக்கரத்துக்கடியில் மூக்கைத் திறந்து மூட வேண்டும், லமேக்கோ முன்னால் சின்ன டப்பாவில் ஆயில் வற்றாமல் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். பெடலை மிதிக்க மூன்றாவது ஆளின் கால் இல்லை. வாசலில் இருந்த இரண்டு பேரும் மீனுக்குப் போய்விட்டார்கள். லமேக்கோவின் மனைவி பாட்டுப் பயிற்சியில் இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, கையில் கோலோடு, லாங்கியம்மா மெல்ல நடந்து வந்தார்.

கிலிஃபி சட்டென்று எழுந்து இடுப்பு வேட்டியான லாவாலாவாவைச் சரியாகக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். லாங்கியம்மா பிரிந்துகிடந்த முன்சக்கரத்தையும், கட்டை மேல் நின்ற வேனையும், இரண்டு ஆண்களின் முகத்தையும் பார்த்தார்.

"நான் எதையும் கேக்க வரல," என்றார். "காத்து வாங்க வந்தேன்."

லமேக்கோ தயங்கித் தயங்கி, ஒரு கால் வேண்டியிருக்கிறது என்றார். எந்த வண்டி வராமல் போனால் பதில் வந்துவிடும் என்று சொன்னாரோ, அந்த வண்டிக்கே காலைக் கேட்கிறோமே என்று அவருக்கு நாக்கு கூசியது. லாங்கியம்மா கோலைச் சாய்த்துவைத்தார்.

"வீங்கின காலுதான். மிதிக்க ஆகும்னா எடுத்துக்கோ."

வண்டிக்குக் கீழே இன்னொரு கட்டையையும் முட்டுக்கொடுத்துவிட்டு அவரை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி உட்காரவைத்தார்கள். இப்படி ஆரம்பித்தது அந்த வேலை. மிதி, பிடி, விடு என்று தம்பி அக்காவிடம் சொல்ல முடியாது. ஆகவே கீழேயிருந்து கிலிஃபி, "மச்சான், மிதிக்கலாம்," என்பான். முன்னாலிருந்து லமேக்கோ, "மிதிங்க அண்ணி," என்பார். "மச்சான், பிடிச்சிருக்கட்டும்." "பிடிங்க அண்ணி." மூக்குத் திறக்கும், கறுப்பு ஆயில் குழாயில் வடியும், மூடும். "மச்சான், விடலாம்." "விடுங்க அண்ணி." பத்துத் தடவைக்குப் பிறகு லாங்கியம்மா, கடல் தாண்டிக் கடிதம் போடுகிறவர்களுக்குக்கூட இதைவிடச் சீக்கிரம் பதில் வரும் என்றார். கீழே கிலிஃபியின் வயிறு சத்தமில்லாமல் குலுங்கியது.

வெயில் தாழ்ந்தது. குழாயில் வருவது தேன் நிறமாகி, குமிழி நின்றது. கடைசியாக ஒன்று என்று கிலிஃபி சொன்னான்.

"மிதிங்க அண்ணி. பிடிங்க."

மூக்கைத் திறந்தான். தெளிந்த ஆயில் வந்தது. இறுக்கி மூடினான். அந்தக் கணம் சிலிண்டர் மணி அடித்தது.

வேலை அங்கேயே நின்றது. கிலிஃபி ஸ்பேனரை வைத்துவிட்டு ஊர்ந்து வெளியே வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தான். லமேக்கோ ஆயில் பாட்டிலை மூடி வைத்துத் தரையில் உட்கார்ந்தார். பக்கத்து வீடுகளில் பாட்டு எழுந்தது. அவர்களும் ஒரு பாட்டுப் பாடினார்கள். லாங்கியம்மாவின் குரல் இருக்கையிலிருந்து மெலிதாக வந்தது. பாட்டு முடிந்ததும், இருந்தவர்களில் மூத்த ஆண் என்ற முறையில் லமேக்கோ செபம் பண்ண வேண்டியிருந்தது.

வழக்கமான செபத்தில்தான் ஆரம்பித்தார். நாளுக்காக ஸ்தோத்திரம், ஊருக்காக, கடலில் போனவர்களுக்காக. அங்கே குரல் நின்றது. பிறகு சொன்னார்:

"ஆண்டவரே, இந்த வண்டியை நிறுத்தினது நீர் இல்ல. நான். கிரீஸ் இல்லன்னு சக்கரத்துக்குப் பூ எண்ணெய் போட்டுட்டேன். அண்ணி என் முழங்காலுக்குக் கொடுத்த எண்ணெய். ரப்பர் உப்பி பிரேக் பிடிச்சுக்கிச்சு. அறியாமச் செஞ்சேன். ஆனா இப்ப அறிவேன், அதனால சொல்றேன். என் பிசகை உம்ம வார்த்தைன்னு யாரும் எடுத்துக்காம பாத்துக்கும்."

கிலிஃபி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். ஆமென் என்றார்கள். முடிவு மணிக்காகக் காத்திருந்தார்கள். மணி அடித்தது.

"இப்பவாவது விடலாமா?" என்றது இருக்கையிலிருந்து வந்த குரல்.

லமேக்கோ பதறி எழுந்தார். விடுங்கள் என்று யாருமே சொல்லவில்லை. அந்த அம்மாள் வீங்கின காலோடு, பாட்டும் செபமும் முடிகிறவரை, பெடலை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"விடுங்க அண்ணி, விடுங்க."

கிலிஃபி மெதுவாக, "பெடல் கீழ இறங்குச்சான்னு கேளு மச்சான்," என்றான்.

"ஒரு மயிரிழை இறங்கலன்னு சொல்லு," என்றார் லாங்கியம்மா.

அப்படியானால் எங்கும் கசிவில்லை, காற்றுமில்லை. இதைவிடப் பெரிய சோதனை கிடையாது என்று கிலிஃபி தரையிடம் சொன்னான். பிறகு, தலை நிமிராமலே, அந்தப் பெரிய உடம்பிலிருந்து வந்ததா என்று சந்தேகப்படும்படி ஒரு சின்னக் குரலில் சொன்னான்:

"அக்கா, வண்டி நல்லாயிருக்கு."

லாங்கியம்மா அவன் உச்சந்தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் லமேக்கோவின் பக்கம் திரும்பினார்.

"கண்ணை மூடிக்கிட்டு அவருகிட்ட சொல்ற மாதிரி என்கிட்ட சொல்லிட்டே."

லமேக்கோ தலைகுனிந்தார்.

"அப்ப கனைச்சது அவரு இல்ல. என் எண்ணெய்." சொல்லிவிட்டு அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் மட்டும் அசைந்தது, பிறகு சத்தமாக. "ரெண்டு வருசமா பதிலுக்குக் காத்திருந்தா, நான் துருவின தேங்காயே எனக்குப் பதில் சொல்லுது. இனி கேள்வியை முதல்லேருந்து கேக்கணும். அதுக்கு ரொம்ப நாளாகும், போ."

வெள்ளிக்கிழமை ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போதே வேன் லாங்கியம்மா வீட்டு முன்னால் நின்றது. அவர் தலை சீவி, கூடையும் அளந்த தண்ணீர்ப் பாட்டிலுமாக வந்து ஏறினார். கூடையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து முன்பெட்டியில் வைத்தார். புது எண்ணெய், பூ மேலே மிதந்தது.

"முழங்காலுக்கு," என்றார். "உன் முழங்காலுக்கு மட்டும்."

லமேக்கோ ஸ்டியரிங் மேல் கை வைத்து ஒரு வார்த்தை செபம் பண்ணிக் கிளம்பினார்.

மாலையில் திரும்பி மலை இறங்கும்போது, அதே வாழைத்தோட்டத்துக்குப் பக்கத்தில், அதே வாடை வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. லமேக்கோ ஓரங்கட்டி இறங்கினார். ஜன்னல் வழியே லாங்கியம்மா தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்.

"என் பங்குல ரெண்டு சொட்டு எடுத்துக்கோ. ரெண்டுதான்."

விரலை நனைத்து இடது முன்சக்கரத்தின் நடுவில் தெறித்தார். சொட்டு துள்ளவில்லை. இலைமேல் பனி மாதிரி உட்கார்ந்திருந்தது. வலது சக்கரத்திலும் அப்படியே. கையைக் கிட்டே வைத்துப் பார்த்தார், இறக்கத்தில் வந்த சக்கரத்துக்கு இருக்க வேண்டிய சூடுதான். நிமிர்ந்து பார்த்தபோது வாழைகளுக்கு அந்தப் பக்கம், திறந்த அடுப்புக் கொட்டகையில் ஒரு பெண் அகலச் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்துவிட்டு, வாருங்கள், ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போங்கள் என்று கையசைத்தாள்.

கொக்கோ லாங்கியம்மாவுக்கு ஆகாது. டாக்டர் எழுதிக்கொடுத்த ஆகாதவைகளின் பட்டியலில் அது மூன்றாவது. லமேக்கோ வேண்டாமென்று கைகாட்டப் போனார்.

"எதுக்கு அவசரம்?" என்றார் லாங்கியம்மா. ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கினார். "நீ குடிச்சிட்டு வா. நான் இங்கயிருந்தே வாசனையைக் குடிச்சுக்கறேன். மணி அடிக்க இன்னும் நேரமிருக்கு."